பட்டாளத்து அப்பா, தத்துப் பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

ஓய்வுபெற்ற படைவீரரை இழந்த வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. அவரை மரியாதையோடு நினைவில் நிறுத்த வேண்டும். அவர் தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகளின் இடத்தை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டுமே கடைசியில் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களிடம்தான் வந்து நிற்கின்றன. இந்த இதழில் அந்தக் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: ஹவில்தாராக ஓய்வு பெற்ற எங்கள் அப்பா சென்ற மாதம் காலமானார். என்னையும் தம்பியையும் தத்தெடுத்து வளர்த்தவர். பதினாறாம் நாளன்று நாளிதழில் அஞ்சலி விளம்பரமும், ஒரு சிறு நினைவு மலரும் வெளியிடுகிறோம். அவர் பெயரை, பதவியை எப்படி எழுதுவது? எங்களை 'தத்துப் பிள்ளைகள்' என்று போட வேண்டும் என்கிறார் உறவினர் ஒருவர்.
– மகள், விருதுநகர்

பதில்: வேண்டியதில்லை. மகள், மகன் என்றே எழுதுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தத்தெடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எல்லா வகையிலும் தத்தெடுத்தவரின் பிள்ளையே என்கிறது. உங்களை வளர்த்த கதையை மலருக்குள் விரிவாகச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், அது அவருக்குப் பெருமை. அஞ்சலியின் பெயர்ப் பட்டியலில் உங்களைத் தனியே பிரித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பதவியை நினைவிலிருந்து எழுதாதீர்கள். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கடைசியாகப் பதிவான பதவி எதுவோ அதுதான். வரிசை இப்படி: முதலில் பதவி, அடுத்து பெயர், பெயருக்குப் பின்னால் (ஓய்வு), பிறகு படைப்பிரிவு, சேவை செய்த ஆண்டுகள். 'ஓய்வுபெற்ற ஹவில்தார்' என்று தொடங்குவதைப் படைத்துறையினர் விரும்புவதில்லை. ஓய்வு பெறுவது மனிதர்தான், பதவி ஓய்வு பெறுவதில்லை என்பது அவர்கள் மரபு.

அதிகம் தவறு நேர்வது போர்களைப் பற்றிய வரியில்தான். 1971 போருக்குக் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பச்சிமி ஸ்டார் வழங்கினார்கள். சங்ராம் பதக்கம் அதைவிடப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதனால் சங்ராம் பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'டாக்கா போரில் போராடியவர்' என்று அச்சடித்துவிடக் கூடாது. 1965-க்கு சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும் உண்டு. 1999 கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார் ஒன்று, ஆபரேஷன் விஜய் பதக்கம் ஒன்று; இரண்டும் வேறு வேறு. 9, 20 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்களை வீரப் பதக்கம் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் செய்யாததை ஏற்றிச் சொன்னால், மலரைப் புரட்டும் அவருடைய பட்டாளத்துத் தோழர்கள்தான் முதலில் வருந்துவார்கள்.

இன்னொன்று. சேவை எண், ஓய்வூதிய ஆணை எண், பிறந்த தேதி, வீட்டுக் கைப்பேசி எண் எதையும் விளம்பரத்தில் போடாதீர்கள். 'ஸ்பர்ஷ் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், அம்மாவின் பென்ஷன் நின்றுவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று வரும் மோசடி அழைப்புகளுக்கு இந்த விவரங்கள்தான் தீனி. ஸ்பர்ஷ் என்பது படைத்துறை ஓய்வூதியத்துக்கான இணையதளம்.

கேள்வி: அப்பாவின் பதக்கங்கள், உல்லன் சீருடை, பழைய புகைப்படங்கள், இன்லேண்டு கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. பதக்கங்கள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா? காகிதங்களை லேமினேட் செய்யலாமா?
– மகன், தேனி

பதில்: இரண்டும் வேண்டாம். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் பதக்கத்தில் படக் கூடாது. பதக்கத்தின் முகப்பைத் திருப்பி விளிம்பைப் பாருங்கள். சேவை எண், பதவி, பெயர் ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பதக்கம் உங்கள் அப்பாவுடையது என்பதற்கு அதுவே சான்று. தேய்க்கத் தேய்க்க முதலில் மழுங்குவது அந்த எழுத்துகள்தான். மென்மையான உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

ரிப்பன் வெயிலில் வெளுக்கும். கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதானால் வெயில் விழாத சுவரிலும், மழைக்காலத்தில் ஓதம் ஏறாத சுவரிலும் மாட்டுங்கள். ரிப்பனைப் பசையாலோ இரட்டைப் பக்க டேப்பாலோ ஒட்டாமல், பின்னணித் துணியில் நூலால் தைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் இடைவெளி தேவை. புகைப்படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது.

பூஜை அறையில் மாலை போட்டு வைக்கும் படம் நகலாகவே இருக்கட்டும். கண்ணாடி மேல் வைக்கும் சந்தனமும் குங்குமமும் கரைந்து சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்குகின்றன, விளக்குப் புகையும் படிகிறது. சில ஆண்டுகளில் முகமே கறைபட்டுவிடும். அவரிடம் ஒரே ஒரு சீருடைப் படம்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் மறுவேலை. பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு), கடிதங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் 300 டி.பி.ஐ. போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலப்படமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அனுப்பும்போதே தரம் குறைந்துவிடுகிறது. படத்தின் பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும், மையும் ஊறும்.

லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது. ஒருமுறை செய்தால் பிரிக்க முடியாது. காகிதத்தில் இருந்த ஈரமும் உள்ளேயே அடைபடும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பின்னாளில் ஏதாவது பதிவு செய்ய வேண்டி வந்தால் அதற்கும் வழி இராது. இரும்பு கிளிப், குண்டூசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பி.வி.சி. அல்லாத பாலிப்ரொப்பிலீன் உறைகளில் வையுங்கள்.

உல்லன் சீருடையை உலர் சலவை செய்து, நிழலில் காற்றாட விட்டு, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து, சீருடையில் நேரடியாகப் படாமல் போடுங்கள். பித்தளைப் பட்டன்கள் துணியில் பச்சைக் கறை ஏற்றும், அவற்றின் அடியில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் செருகுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்காவிட்டால் பழைய மடிப்பிலேயே இற்றுப்போகும்.

போகிக்கு முன்னால் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். பழைய காகிதம் என்று தீயில் போய்விட்ட சம்பளப் புத்தகங்களும் கடிதக் கட்டுகளும் எத்தனையோ.

கேள்வி: என் கணவர் இறந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் கணக்கில் பென்ஷன் வந்துகொண்டே இருக்கிறது. எடுத்துச் செலவு செய்யலாமா? குடும்ப ஓய்வூதியத்துக்கு எங்கே போக வேண்டும்? எங்களுக்குத் தத்து மகள் ஒருத்தி, 22 வயது.
– மனைவி, வேலூர்

பதில்: எடுக்காதீர்கள், அம்மா. இறந்த நாள் வரைக்கும்தான் அவருடைய ஓய்வூதியம். மறுநாளிலிருந்து உங்களுடைய குடும்ப ஓய்வூதியம் தொடங்குகிறது. கூடுதலாக வந்த தொகையைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். செலவாகிவிட்டால் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து கழிப்பார்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மூன்று வாரம் என்கிறீர்கள், இன்னும் பதியவில்லையென்றால் இன்றே போங்கள். சான்றிதழில் அவர் பெயரின் எழுத்துகள் ஓய்வூதிய ஆணையில் இருப்பதைப் போலவே இருக்கின்றனவா என்று அச்சாகும் முன் சரிபாருங்கள். அடுத்து, இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், உங்கள் ஆதார், பான், உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அவருடைய ஓய்வூதியம் ஸ்பர்ஷ் தளத்தில் இருந்தால் இறப்பை அங்கே பதிய வேண்டும். பொதுச் சேவை மையத்திலும் ஸ்பர்ஷ் சேவை மையமாக இயங்கும் வங்கிக் கிளைகளிலும் செய்து தருவார்கள். ஓய்வூதிய ஆணையில் உங்கள் பெயர் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் வேலை சுலபம்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். ராணுவப் பதிவில் 'லெட்சுமி', ஆதாரில் 'லக்ஷ்மி' என்று இருந்தால் ஸ்பர்ஷ் நிறுத்திவிடும். இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தோடு, நல அலுவலகம் வழியாக, படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்த வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும் வேலை இது, முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

தொகை: சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அவர் இறந்த மறுநாளிலிருந்து 7 ஆண்டு வரை, அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை 50 சதவீதம் என்ற உயர்ந்த விகிதம் உண்டு. ஆனால் அது அவர் வாங்கிய ஓய்வூதியத்தைவிட அதிகமாக இராது. 67 தாண்டி இறந்திருந்தால் நேராக 30 சதவீதம்தான். எப்படியும் மாதம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் குறைந்தபட்சம். உங்களுக்கு 80 வயது ஆகும்போது 20 சதவீதம் கூடும், கேட்காமலே வர வேண்டும், வராவிட்டால் கேளுங்கள்.

மகளின் பெயர் இதில் எங்கே வருகிறது? நீங்கள் இருக்கும்வரை ஓய்வூதியம் உங்களுக்கே. உங்களுக்குப் பிறகு, சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒரே விதி: 25 வயது வரை, திருமணமோ போதிய வருமானமோ வரும்வரை. மணமாகாத, கணவரை இழந்த, மணமுறிவு பெற்ற மகளுக்கு 25-க்குப் பிறகும் நிபந்தனைகளோடு உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டைக்கும் அவள் தகுதியானவள். அவர் அட்டையை ஒப்படைத்து, உங்கள் இருவர் அட்டைகளையும் புதிய நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேன்டீன் கார்டும் அப்படியே. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் ஏற, பதிவான தத்துப் பத்திரத்தையோ தத்து ஆணையையோ விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுங்கள். பிறகு கொடுக்கலாம் என்று விட்டால் அவள் பெயர் இல்லாமலே சான்றிதழ் வந்துவிடும்.

கேள்வி: என் மாமனார் 78 வயது முன்னாள் சுபேதார். 30 ஆண்டுகளுக்கு முன் தன் கொழுந்தியாள் மகனை 6 வயதில் சடங்கு செய்து தத்தெடுத்தார். பத்திரம் பதியவில்லை. பள்ளிச் சான்றிதழில் மாமனார் பெயர்தான் அப்பா. இது போதாதா?
– மருமகள், திருநெல்வேலி

பதில்: போதாது. ஆனால் அவர் இருக்கும்போதே கேட்டீர்கள், அதுவே பெரிய நல்லது.

வாய்மொழித் தத்து செல்லும்தான். பெற்றவர் கொடுத்து வளர்ப்பவர் ஏற்றுக்கொண்டது உண்மையாக நடந்திருக்க வேண்டும், குழந்தைக்கு அப்போது 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, மனைவியின் சம்மதம் வேண்டும், அந்த நாளில் அவருக்கு வேறு மகனோ மகன்வழிப் பேரனோ இருந்திருக்கக் கூடாது. பணம் கைமாறியிருக்கக் கூடாது. இவை நிறைவேறியிருந்தால் தத்து அன்றைக்கே முடிந்தது. இன்றைக்கு வேண்டியது அதை நிரூபிக்கும் பத்திரம். சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், அது தவறு என்று வேறொருவர் நிரூபிக்காதவரை நீதிமன்றம் அந்தத் தத்தைச் சரியென்றே கொள்ளும். எனவே பெற்ற தாயும் தந்தையும் உயிரோடிருக்கும்போதே எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, இன்ன நாளில் நடந்த தத்து என்று நடந்ததை நடந்தபடி எழுதிப் பதியுங்கள். இன்றைக்குத்தான் தத்தெடுப்பதாக எழுதினால் கெட்டது. 36 வயது ஆளைத் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பத்திர எழுத்தர்கள் பழைய மாதிரியை எடுத்து எழுதும்போது இந்தத் தவறு நேர்கிறது, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கொடுத்தவர்கள் இறந்துவிட்டிருந்தால் சிவில் நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பு (தத்து நடந்தது உண்மை என்று நீதிமன்றமே அறிவிப்பது) கேட்பதே வழி. சடங்குப் படங்கள், பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு எல்லாம் அங்கே சாட்சியம்.

பத்திரத்தோடு வேலை முடியவில்லை. படைவீரரின் குடும்பம் யார் என்பதை ராணுவம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பதிவு ஆணை வழியாகத்தான் அறிகிறது. திருமணம், பிள்ளைப்பேறு, தத்து எல்லாம் அதில் வெளியாக வேண்டும். பத்திர நகல், மகனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், டிஸ்சார்ஜ் புத்தக நகல் ஆகியவற்றை மாமனாரின் கையெழுத்துள்ள விண்ணப்பத்தோடு நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். எந்த ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புவது என்பதை அவருடைய படைப்பிரிவுதான் தீர்மானிக்கும், சொந்த ஊர் அல்ல. மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், மதராஸ் சாப்பர்கள் எனும் பொறியாளர் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். விமானப்படையினருக்குப் புதுடெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. ராணுவத்துக்குப் பிறகு டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் படையிலும் வேலை பார்த்து இரண்டாவது ஓய்வூதியம் வாங்குபவரானால் கண்ணூரிலுள்ள ரெக்கார்டு ஆபீசிலும் தனியாகப் பதிய வேண்டும். ஓரிடத்தில் பதிந்து மற்றதை விட்டுவிடும் குடும்பங்கள் பல.

36 வயது மகனுக்கு ஓய்வூதியம் வரப்போவதில்லையே, எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். வாரிசுச் சான்றிதழ், சொத்துப் பங்கு இரண்டுக்கும் இந்தக் காகிதம்தான் தலைவாசல். உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் சொத்தில் மனைவி, தாய், பிள்ளைகள் முதல் வகுப்பு வாரிசுகள், தத்துப் பிள்ளையும் அதில் சமம்.

கேள்வி: அண்ணன் தம்பி இருவரை எடுத்து வளர்த்தார் எங்கள் தாத்தா. இருவரையும் தத்து என்று பதிய முடியுமா? கிறிஸ்தவக் குடும்பமானால்?
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: 1956 சட்டத்தில் ஒரு மகன் இருக்கும்போது இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அதே கதை. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. இரு நிலைமைக்கும் உரிய வழி 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். எந்த மதத்தவரும் அதன்படி தத்தெடுக்கலாம், உடன்பிறந்தவர்களைச் சேர்த்தும் எடுக்கலாம். ஆணையைச் செப்டம்பர் 2022 முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆனால் 18 வயது நிறையுமுன் நடக்க வேண்டும். அந்த வயதைத் தாண்டிய வளர்ப்புப் பிள்ளைக்கு உயில் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். உயிலில் வீட்டைக் கொடுக்கலாம், நிலத்தைக் கொடுக்கலாம். குடும்ப ஓய்வூதியத்தைக் கொடுக்க முடியாது. அது அவருடைய சொத்து அல்ல என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: கணவர் இறந்த பிறகு, அவர் ஆசைப்படி ஒரு குழந்தையைத் தத்தெடுத்தால் அந்தக் குழந்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. அரசு ஊழியர் இறந்தபின் அவர் மனைவி தத்தெடுத்த பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு சிவில் ஊழியர் விதியைப் பற்றியது என்றாலும் படைவீரர் குடும்பங்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குழந்தை உங்கள் பிள்ளையாக இருப்பதற்கு இது தடையில்லை. உங்கள் சொத்தில் அதற்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ஓய்வுபெற்ற வீரர் வீட்டில் இறந்தால் உடலுக்குத் தேசியக் கொடி போர்த்தலாமா? கொள்ளியைத் தத்து மகனோ மகளோ வைக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குடும்பத்தார் தாமாகக் கடையில் வாங்கிப் போர்த்தக் கூடாது. அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டுமே அனுமதி. மற்றபடி போர்த்துவது 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். படை மரியாதை கிடைக்கும்போது காவி நிறம் தலைமாட்டில் வர வேண்டும். கொடியோடு புதைக்கவோ எரிக்கவோ கூடாது, முன்னதாக எடுத்துவிட வேண்டும். மடிக்கும்போது காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போய், சக்கரம் மேலே தெரியும்படி மடிப்பார்கள். இறந்த செய்தியை உடனே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் சொல்லுங்கள். மலர்வளையத்தோடு தோழர்கள் வந்து நிற்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கொள்ளியைத் தத்து மகன் வைக்கலாமா, மகள் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம்.

கேள்வி: டெல்லி போர் நினைவிடத்தில் அப்பா பெயரைப் பொறிக்க விண்ணப்பிக்கலாமா? அவர் எங்கெங்கே இருந்தார் என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. கடிதங்களில் எல்லாம் '56 ஏ.பி.ஓ.' என்றுதான் இருக்கிறது.
– மகள், இராமநாதபுரம்

பதில்: 2019 பிப்ரவரி 25-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் பணியில் உயிர்த்தியாகம் செய்தவர்களின் பெயர்கள் மட்டுமே. ஓய்வுக்குப் பின் காலமானவர்களுக்கு அங்கே இடமில்லை.

56 ஏ.பி.ஓ. என்பது ராணுவ அஞ்சலின் பொதுவான முகவரி. லடாக்கில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் அதே முகவரிதான். இருக்குமிடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கிழக்கு எல்லைப் பக்கத்துக்கு 99 ஏ.பி.ஓ. உண்டு; எனவே கட்டில் எந்தக் கடிதம் 99 என்று பாருங்கள், அந்த ஆண்டுகளில் அவர் கிழக்கே இருந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகமும் பதக்கங்களும் மீதி வழியைக் காட்டும்.

அதற்கும் மேல் வேண்டுமானால், அவரோடு ஒரே பட்டாலியனில் இருந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே போய்ப் பேசுங்கள். 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்பதோடு நின்றுவிடும். எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், பயிற்சி எங்கே, அப்பாவுக்கு என்ன வேலை, டிரைவரா, சிக்னலா, சமையலா, லீவு எத்தனை நாள் கிடைக்கும், எந்த ரயிலில் ஊருக்கு வருவீர்கள் என்று கேளுங்கள். ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்து 'இதில் யார் யார்?' என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். கைப்பேசியை ஏரோபிளேன் நிலையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, அவருக்கு ஒரு முழம் தூரத்தில் பதியுங்கள். முதியவர்களின் மெல்லிய குரலை விசிறிச் சத்தம் விழுங்கிவிடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். பதிவின் தொடக்கத்திலேயே நாள், ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். பொங்கலை ஒட்டி வருவதால் வெளியூர்த் தோழர்களும் அந்த வாரம் ஊரில் இருப்பார்கள். நினைவு மலரை அன்று கொடுப்பதானால் கார்த்திகை முடிவதற்குள் அச்சகத்தில் ஒப்படையுங்கள். மார்கழியில் காலண்டர் வேலையில் அச்சகங்களுக்கு நேரமே இராது.